பத்து நிமிடம் தனியாக: சேர்வராயன் மலையில் ஓர் இளம் தாய் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் சேர்வராயன் மலையில் காலை நேரத்தில் மருத்துவ முகாம் போட்டுப் பயனில்லை. ஊரில் கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். அதனால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை எங்கள் நடமாடும் மருத்துவ வண்டி மாலை 4 மணிக்கு மேல்தான் போகும். நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் குழுவில் செவிலியராக இருக்கிறேன். பெரும்பாலான முகாம்களுக்கு அரசு கிராம சுகாதார செவிலியரும் ஊர்ச் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளரும் எங்களோடு வருவார்கள்.

நாங்கள் போகும் ஊர்கள் ஏற்காடு டவுனைத் தாண்டி உள்ளே இருப்பவை. அங்கிருந்து ஏற்காட்டுக்கு வந்து, பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால்தான் சேலம். மக்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர் (கேரள மலையாளிகள் அல்லர்). கொஞ்சம் சொந்த நிலம், மீதி நாளெல்லாம் எஸ்டேட் கூலி. ஆண்கள் பலர் சீசனுக்குக் கேரளா, குடகு என்று போய்விடுவார்கள்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆகியிருந்தது. 15 முதல் 19 வயதுக்குள் தாயானவர்களும் கர்ப்பமாக இருந்தவர்களும் 6.3 சதவீதம். அந்த 6.3-இல் ஒருத்தியைப் பற்றியது இந்தப் பதிவு.

அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியோ விட்டோ எழுதியிருக்கிறேன். அவளும் அவள் அம்மாவும் சம்மதித்த பிறகே எழுதினேன். எழுதியதை அவளுக்கு வாசித்தும் காட்டினேன். ஓர் இடத்தில் அவள் என்னைத் திருத்தினாள். அது கீழே வருகிறது.

முதல் சந்திப்பு

நவம்பர் மூன்றாம் வாரம். தலைசுற்றல் என்று மாமியாரோடு வந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் மாமியாரின் பழைய சேலையைப் போர்த்தியிருந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் மாமியார்தான் பதில் சொன்னார். "பசிக்குதாம்மா?" என்றால், "நல்லாத்தான் திங்கிறா நர்சம்மா." "தூக்கம் வருதா?" என்றால், "படுத்தா விடிஞ்சுதான் எந்திரிக்கிறா." அவள் எங்கள் மேசைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயது 19 என்றார் மாமியார். பதிவேட்டில் பிறந்த தேதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அதைக் கேட்டபோது மாமியார் யோசித்தார். அவளோ, வகுப்பில் எழுந்து நின்று சொல்வதுபோல் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் டக்கென்று சொல்லிவிட்டாள். கணக்குப் போட்டோம். 16 வயது 9 மாதம்.

ஏப்ரலில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். கணக்கில் மட்டும் தேர்ச்சி இல்லை. வைகாசியில் ஊர்க்கோயிலில் கல்யாணம். இருவரும் விரும்பியதுதான், இரு வீட்டாரும் சம்மதித்து நடத்தி வைத்திருக்கிறார்கள். பையனுக்கு 21.

பரிசோதனையில் கர்ப்பம் சுமார் 24 வாரம். எடை 38 கிலோ, உயரம் 146 செ.மீ., ரத்த அழுத்தம் சரி. ஹீமோகுளோபின் 7.2. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையானது. அவள் அந்தக் கோட்டுக்கு மேல் நூலளவில் நின்றாள். அதுவரை எங்கும் பதிவு செய்யவில்லை, பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கவில்லை, தடுப்பூசி போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு மாமியார் வாயைத் திறக்கவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியாததல்ல. ஆதாரைக் காட்டினால் வயது தெரியும், வயது தெரிந்தால் போலீஸ் வரும். அந்தப் பயத்தில் ஆறு மாதம் அவளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

எங்கள் முதல் முடிவும் அதன் விளைவும்

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதினோம். அன்று இரவே மருத்துவ அலுவலரிடம் பேசி, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுத்தோம்.

தகவல் கொடுத்தது தவறில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தெரிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. கணவன் மனைவி என்பதும் இதற்கு விலக்கில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ள மனைவிக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டென்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே தீர்ப்பளித்துவிட்டது. தவறு, கொடுத்த விதத்தில். வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முக்கியமாக, அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மறைத்துவிடுவார்கள் என்று நினைத்தோம். சொல்லாமல் விட்டதால்தான் மறைத்தார்கள்.

மூன்றாம் நாள் சீருடையில் இரண்டு பேர் ஜீப்பில் ஊருக்குள் போனார்கள். குழந்தையின் (18 வயதுக்குக் கீழ் உள்ளவரின்) வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, கூடுமானவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. வந்தவர்கள் விசாரிக்க மட்டும் வந்தவர்கள்தான். ஆனால் ஊருக்குத் தெரிந்தது காக்கிதான். அன்று மாலையே அவள் அந்த வீட்டில் இல்லை.

16 நாள். ஹீமோகுளோபின் 7.2 உள்ள ஒரு பெண் எங்கே இருக்கிறாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாத 16 நாள். எங்கள் வண்டி ஊருக்குள் நுழைந்தால் கதவுகள் சாத்தப்பட்டன. சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்கள்கூட வரவில்லை. ஆஷா பணியாளர் அதே மலைக்காரர். அவரை வீட்டுக்குள் விட்டார்கள், ஆனால் பேச்சுக் கொடுக்கவில்லை. கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே, சரிவுக்கு அந்தப் பக்கம், அவளுடைய அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் இருந்தாள்.

இந்த இடத்தில்தான் அவள் என்னைத் திருத்தினாள். "ஓடிவிட்டாள்" என்று எழுதியிருந்தேன். "ஓடலக்கா. எங்க அம்மாயி வீட்டுக்குப் போனேன்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

இரண்டாம் முடிவு: அவளிடம் பேசுவது

அம்மாயி வீட்டுக்கு நானும் ஆஷாவும் மட்டும் நடந்து போனோம். பதிவேடு எடுத்துப் போகவில்லை. ரத்த அழுத்தக் கருவி மட்டும் இருந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டேன். "உங்கிட்டச் சொல்லாமச் செஞ்சது எங்க தப்பு, கண்ணு. இனிமே எது செஞ்சாலும் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வோம்." அம்மாயிதான் அழுதார். அவள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அம்மாயிக்கு பி.பி. பார்க்கலாம் என்று ஆஷா அவரை வெளித்திண்ணைக்கு அழைத்துப் போனார். திட்டமிட்டுச் செய்ததுதான். கிடைத்தது பத்து நிமிடம். அதில் முதல் மூன்று நிமிடம் பேச்சே இல்லை. பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"அக்கா, கொழந்த எந்த வழியா வரும்?"

27 வாரம். பத்தாம் வகுப்பு அறிவியலில் தேர்ச்சி பெற்றவள். எல்லாரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள், வயதைப் பார்த்தார்கள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு, நாங்கள் கொடுத்த மாத்திரைகளை அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தாள். மாத்திரை தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பெருத்தால் கிழிக்கத்தான் வேண்டும் என்று தோட்டத்தில் யாரோ சொன்னார்களாம். சாப்பிட்ட நாலைந்து மாத்திரையும் காலையில் கடுங்காப்பியோடு போயிருக்கிறது. காப்பியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது.

தாய் சேய் நலப் புத்தகத்தின் பின்அட்டையில் படம் வரைந்து காட்டினேன். கர்ப்பப்பை, அதன் வாய், குழந்தை தலைகீழாகத் திரும்புவது, வலி எதற்கு வருகிறது என்று. அவள் அந்த அட்டையைக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்று முதல் எங்கள் குழுவில் ஒரு விதி வைத்தோம். எந்தச் சந்திப்பிலும் அவளோடு பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். யாரும் அதைத் தவிர்க்கக் கூடாது.

பிரசவம் வரை

மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நெல்லிக்காயோ ஆரஞ்சுச் சுளையோ சேர்த்துச் சாப்பிடச் சொன்னோம். அந்தப் பருவத்தில் மலையில் இரண்டும் காசில்லாமல் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு சுக்ரோஸ் ஊசி 200 மி.கி. வீதம் ஐந்து தடவை நரம்பு வழியாக ஏற்றினார்கள். முதல் ஊசிக்கு வரத் தயங்கினாள். ஊசி பயமில்லை, அங்கே போலீஸ் இருக்குமோ என்றுதான். மருத்துவ அலுவலரே வாசலுக்கு வந்து கூட்டிப் போனார். ஜனவரிக் கடைசியில் ஹீமோகுளோபின் 9.6.

வழக்கு விவரத்துக்குள் நான் போகப் போவதில்லை. நடந்ததை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். சேலத்தில் குழந்தைகள் நலக் குழு முன் அவளை நேர்நிறுத்தினோம். 18 வயது முடியும்வரை அவள் தன் அம்மாவின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. பையனைக் கைது செய்யவில்லை, விசாரணைக்கு அழைத்தார்கள். விரும்பிச் சேர்ந்தவர்கள் சம்பந்தப்பட்ட போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறைத் தலைமை அனுப்பிய சுற்றறிக்கை இங்கே உதவியது என்று நினைக்கிறேன். வழக்கு இன்னும் நடக்கிறது.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். அதைப் பெறக் குறைந்தது 19 வயது ஆகியிருக்க வேண்டும். இளவயதுத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் 38 கிலோ எடையோடு எங்கள் முன் நின்றவளுக்குத்தான் அந்தப் பெட்டகம் எல்லாரையும்விடத் தேவைப்பட்டது. அங்கன்வாடிச் சத்துமாவை மட்டும் நம்பி மூன்று மாதம் ஓட்டினோம். நாள்தோறும் ஒரு முட்டைக்கு எங்கள் நிறுவனம் ஏற்பாடு செய்தது.

34-ஆம் வார ஸ்கேனில் குழந்தை சிறியதாகத் தெரிந்தது. வலி வந்த பிறகு ஜீப் பிடித்து, 108-க்குக் காத்திருந்து, 20 வளைவு இறங்குவது சரிப்படாது. 36-ஆம் வாரத்திலேயே சேலத்தில் உள்ள அரசு மருத்துவமனையில் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். யார் கூட இருப்பது என்பதுதான் சிக்கல். பழம் பறிப்பின் கடைசி நாட்கள். அம்மா போனால் கூலி போகும். அம்மாயி, "நான் போறேன், எனக்கென்ன தோட்டமா துரவா" என்று துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.1 கிலோ. வலியின்போது அவள் பதறவில்லை என்று பிரசவ வார்டு செவிலியர் போனில் சொன்னார். கிழித்து வாங்கிய அந்த அட்டை தலையணைக்கு அடியில் இருந்ததாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

எங்கள் கவனம் முழுக்கப் பிரசவத்தின் மேலேயே இருந்தது. அது நல்லபடியாக முடிந்ததும் கொஞ்சம் ஓய்ந்துவிட்டோம்.

மருத்துவமனையில் பிரசவமானால் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா வீட்டுக்குப் போக வேண்டும். 7-ஆம் நாள் எடை 1.98. முதல் வாரத்தில் குறைவது வழக்கம்தான். 14-ஆம் நாள் நானும் போனேன். 1.9 கிலோ. அதற்குள் பிறந்த எடையாவது திரும்பியிருக்க வேண்டும்.

வீட்டின் மூலையில் பாலாடை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊட்டியிருக்கிறார்கள். "இவளுக்குப் பால் இல்ல நர்சம்மா, சின்னப் பொண்ணுதானே, எப்படி ஊறும்?" என்றார் அம்மாயி. மருத்துவமனையில் சேனை வைக்கக்கூட விடாமல் சீம்பால் கொடுக்க வைத்தவர்கள் நாங்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே அது கைவிட்டுப் போயிருந்தது.

பத்து நிமிடம். கதவைச் சாத்திக்கொண்டு ரவிக்கையை விலக்கிக் காட்டினாள். இடது மார்பு பால்கட்டிக் கல்லாக இருந்தது. இரண்டு காம்பிலும் வெடிப்பு, ஒன்றில் ரத்தம் காய்ந்திருந்தது. பால் இல்லாமல் இல்லை. வலி பொறுக்காமல் குழந்தையை எடுக்கப் பயந்திருக்கிறாள். "அது அழுதாலே எனக்குக் கை நடுங்குதுக்கா. நான் தொட்டா அதுக்கு ஏதாச்சும் ஆயிடும்னு தோணுது."

வெந்நீர்த் துணியால் ஒற்றி, கையால் கொஞ்சம் பால் பீய்ச்சி மார்பை இளக்கினோம். சுவரில் சாயாமல் குனிந்து குழந்தையிடம் மார்பைக் கொண்டு போனதுதான் கோளாறு. முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார வைத்தோம். அம்மாயியைக் கூப்பிட்டு அவள் முழங்கைக்குக் கீழே கை கொடுத்துத் தாங்கச் சொன்னேன். குழந்தையின் வயிறு இவள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், தாடை மார்பில் பதிய வேண்டும், வாய் கொட்டாவி விடுவதுபோல் திறக்கும்வரை பொறுக்க வேண்டும். மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை வாய் நிறையக் கவ்வியது. முதலில் வேகமாகச் சப்பும் ஓசை, பிறகு நின்று நின்று 'க்ளக்' என்று விழுங்கும் ஓசை. அம்மாயி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "முழுங்குது" என்றார். பாலாடையை அவரே எடுத்துப் பரணில் வைத்தார்.

குழந்தையை வெற்று மார்பில் கட்டிக்கொள்ளும் கங்காரு முறையை மருத்துவமனையில் கற்றுக் கொடுத்திருந்தார்கள். மலைக்குளிருக்கு அதைவிட நல்லது ஒன்றில்லை. ஆனால் வீட்டில் ஆண்கள் நடமாட்டம் என்று விட்டுவிட்டாள். அம்மாயியின் பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தோம். 21-ஆம் நாள் 2.15 கிலோ. 28-ஆம் நாள் 2.4.

கை நடுக்கத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் காட்டினோம். மருந்து வேண்டாம், தனியாக விடாதீர்கள், வாரம் ஒருமுறை பேசுங்கள் என்றார். அவசரத்துக்கு 14416 என்ற மனநல உதவி எண்ணை அம்மாவின் போனில் பதிந்து கொடுத்தோம்.

மூன்று பேர், ஒரு அங்கன்வாடி

பக்கத்து ஊர்களில் 20 வயதைத் தொடாத தாய்மார் இன்னும் இருவர் இருந்தார்கள். மூவரையும் வாரம் ஒரு மதியம் அங்கன்வாடியில் கூட்டினோம். பாடம் நடத்தவில்லை. குழந்தைகளைப் பாயில் கிடத்திவிட்டுச் சும்மா பேசுவது, எடை போடுவது, அவ்வளவுதான். மாமியார்களும் அம்மாக்களும் வராண்டாவில் இருப்பார்கள்.

குழந்தையோடு பேசு என்று நான் சொன்னபோது அவள் சிரித்தாள். "அதுக்கு என்னக்கா புரியும்?" ஆறு வாரக் குழந்தையை அவள் மடியில் கிடத்தி, முகத்தை ஒரு முழ தூரத்தில் வைத்து மெதுவாக இடம் வலமாக நகர்த்தச் சொன்னேன். குழந்தையின் கண் கூடவே வந்தது. நாக்கை நீட்டினாள், கொஞ்ச நேரம் கழித்து அதுவும் நுனி நாக்கை நீட்டியது. மறுபடி செய்து பார்த்தாள். அப்புறம் நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டாள். மூவரில் மூத்தவள், தன் பையன் எதற்கு அழுதால் எப்படி அழுவான் என்று அழுதே காட்டினாள். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாகப் புரிந்திருக்காது.

அடுத்த குழந்தையைப் பற்றிய பேச்சையும் அங்கேதான் தொடங்கினோம். கணவர் தனியாக இருக்கிறார், இப்போது எதற்கு என்றார் அம்மா. அவளிடம் தனியாகக் கேட்டபோது, "எனக்கு இன்னும் அஞ்சு வருசத்துக்கு வேணாம்" என்றாள். மருத்துவ அலுவலர் எல்லா முறைகளையும் விளக்கினார். எதை எப்போது தொடங்குவது என்பதை அவளே முடிவு செய்தாள். அதை இங்கே எழுத வேண்டாம் என்றும் சொன்னாள்.

இன்றைய நிலை

ஆறு மாதம் முடிந்தபோது குழந்தை 6.2 கிலோ. வயதுக்கான எல்லைக்குள், கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. தடுப்பூசிகள் விடாமல் போட்டாயிற்று. ஆறு மாதமும் முழுத் தாய்ப்பால் என்று சொல்ல முடியாது, அந்த பத்துப் பன்னிரண்டு நாள் இடையில் இருக்கிறது. அவளுடைய ஹீமோகுளோபின் 10.9, கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12 வேண்டும், ஆகவே மாத்திரை தொடர்கிறது.

கோடையில் தனித்தேர்வராகக் கணக்கு எழுதினாள். தேர்வு மையத்துக்கு வெளியே மரத்தடியில் குழந்தையோடு காத்திருந்தவர் அவள் மாமியார். ஆணையின்படி இரு வீடும் தனித்தனிதான். ஆனால் பேத்தியைப் பார்க்க அவர் வாரம் ஒருநாள் வருகிறார். முதல் சந்திப்பில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன அதே பெண்மணி. இப்போது நான் ஏதாவது கேட்டால் மருமகளைப் பார்க்கிறார். கணக்கில் தேர்ச்சி.

மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். ஆணை வரவில்லை.

எதை மாற்றுவோம்

தகவல் கொடுக்க வேண்டிய கடமை மாறாது. ஆனால் கொடுக்கும் முன், யாரிடம் கொடுக்கப் போகிறோம், அடுத்து என்ன நடக்கும், மருத்துவம் எக்காரணம் கொண்டும் நிற்காது என்பதை அந்தப் பெண்ணிடம் முதலிலும் வீட்டாரிடம் அடுத்தும் சொல்லிவிடுவோம். சொல்லிவிட்டு அன்றே தகவல் கொடுப்போம். போலீஸ் நேராக ஊருக்குள் வராமல், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து பெண் அலுவலர் ஒருவர் சாதாரண உடையில் ஆஷாவோடு வரும்படி எழுத்தில் கேட்போம். இந்த நிகழ்வுக்குப் பிறகு இரண்டு முறை அப்படிக் கேட்டோம், இரண்டு முறையும் அப்படியே வந்தார்கள். கேட்டிருந்தால் அன்றைக்கும் வந்திருப்பார்கள் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை.

பிரசவத்துக்குப் பிந்திய முதல் பத்து நாளில் செவிலியர் ஒருவர் இரண்டு தடவையாவது பால் கொடுப்பதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். "பால் குடிக்குதா?" என்று கேட்டு "குடிக்குது" என்று எழுதிக்கொண்டு வருவது போதாது. 7-ஆம் நாள் நாங்கள் அதைத்தான் செய்தோம்.

பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்: 'தனியாகப் பேசியது, ஆம் / இல்லை'. பேசியவர் கையெழுத்துப் போட வேண்டும். சென்ற மாதம் 20 வயதுக்குட்பட்ட தாய்மாரை 11 தடவை பார்த்திருக்கிறோம். இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கின்றன. மழை என்று ஒன்றில் எழுதியிருக்கிறது. இன்னொன்றில் எதுவும் எழுதவில்லை. அந்த வீட்டுக்கு வருகிற வியாழக்கிழமை நானே போகிறேன்.